குமரியை எழுப்பியது யாருடைய பணம்?

பொதுப் பல்கலைக்கழகம் குமரி மாவட்டத்துக்கு வீண்செலவு என்று நிறுவ முயலும் கட்டுரை ஒன்றை நண்பர்கள் பாராட்டிப் பேசுவதால் இந்த எதிர்வினையை எழுத நேர்ந்தது. கட்டுரையாளரின் வாதம் நான்கு வரிக்குள் அடங்கும். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் நெல்லையை அடுத்த அபிஷேகப்பட்டியில் இருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகத்தால் குமரிக்கு ஒரு தொழிற்சாலைகூட வரவில்லை. படித்த பிள்ளைகள் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் போய்விடுகிறார்கள். ஆகவே அரசு கையை எடுத்துக்கொள்ள வேண்டும், தனியார் பார்த்துக்கொள்வார்கள். இதில் முதல் வரி மட்டுமே உண்மை. இடையில் உள்ளவை அறியாமை. முடிவு அநியாயம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குமரியின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, தமிழ்நாட்டிலேயே முதலிடம். இந்தப் பெருமையைத் தனியார் முயற்சியின் கணக்கில் எழுதிவிடுகிறார் கட்டுரையாளர். 1809-இல் மயிலாடியில் மிஷனரி ரிங்கல்தௌபே பள்ளி தொடங்கியதும், அந்த மரபில் வந்த ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி 1893-இல் கல்லூரியாக உயர்ந்ததும் வரலாறு. 1952-இல் நாகர்கோவிலில் தெ.தி. இந்துக் கல்லூரியும், 1964-இல் மார்த்தாண்டத்தில் நேசமணி நினைவுக் கிறிஸ்தவக் கல்லூரியும், 1965-இல் ஹோலி கிராஸ் கல்லூரியும் வந்தன. நிலமும் கட்டடமும் கொடுத்த சபைகளையும் சமுதாயங்களையும் இந்த மாவட்டம் என்றும் மறக்காது. ஆனால், உதவிபெறும் பாடப்பிரிவுகளில் இன்றுவரை பேராசிரியருக்குச் சம்பளம் கொடுப்பது யார்? அரசுக் கருவூலம். பாடத்திட்டம் வகுத்து, தேர்வு நடத்தி, பட்டம் கொடுத்தது யார்? திருவிதாங்கூர், மதுரை, நெல்லை என்று அடுத்தடுத்து வந்த பொதுப் பல்கலைக்கழகங்கள். இந்த இரண்டையும் கழித்துவிட்டால் கட்டுரையாளர் கொண்டாடும் தனியார் முயற்சியில் மிஞ்சுவது கட்டடம் மட்டுமே. ஊரார் பணத்தில் நடந்ததைத் தனியார் சாதனை என்று சொல்லி, அதையே காட்டி ஊரார் பணத்தை நிறுத்தச் சொல்வதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

இந்த ஏற்பாட்டால் பயன்பெற்றவர்கள் யார் என்பதைக் கட்டுரையாளர் ஓரிடத்தில்கூடச் சொல்லவில்லை. குலசேகரம் பக்கம் விடியுமுன் நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால்வெட்டப் போகிறவரின் மகள். அண்டியாபீசில் முந்திரி உடைத்து உடைத்து விரல் நுனி கறுத்துப்போன தாயின் மகள். அவள் காலையில் அரசுப் பேருந்தேறிக் கல்லூரிக்குப் போய், மாலையில் வீடு திரும்பி, பட்டம் வாங்கினாள். விடுதியில் தங்கிப் படிக்க அந்த வீட்டில் வசதி கிடையாது; பெண்ணை வெளியூர் அனுப்பும் தைரியமும் அன்று பல வீடுகளில் கிடையாது. எட்டும் தூரத்தில், எட்டும் கட்டணத்தில் கல்லூரி இருந்ததால்தான் அவள் ஆசிரியையானாள், வங்கியில் எழுத்தரானாள், செவிலியர் படிப்புக்குப் போன தங்கைக்குப் பணம் கட்டினாள். இதற்கு வளர்ச்சி என்று பெயர் சூட்டக் கட்டுரையாளருக்கு மனம் வரவில்லை. புகைபோக்கி தெரிந்தால்தான் அவருக்கு அது வளர்ச்சி.

வெளியூர் போகிறார்கள் என்ற குற்றச்சாட்டும் இப்படித்தான். படிப்பு இல்லாத நாளிலும் குமரிக்காரன் பிழைக்க ஊர்விட்டுப் போனான்; தோட்டக் கூலியாகப் போனான். இன்று கணக்கராக, செவிலியராக, பொறியாளராகப் போகிறான். போகும் தகுதி மாறியதற்குக் காரணமான கல்வியை, போனதற்குக் காரணமாக்குவது என்ன நியாயம்? படித்தவனுக்கு இங்கே வேலை உருவாக்காத கொள்கையைக் கேள்வி கேட்க வேண்டியவர், பள்ளிக்கூடத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டு நகர்கிறார்.

மண்ணுக்கு ஆராய்ச்சியால் என்ன கிடைத்தது என்கிறார். திருப்பதிசாரத்துக்குப் போகட்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் அங்கே இருக்கிறது. டி.பி.எஸ். 3 நெல் என்று விதைக்கடையில் கேட்டு வாங்குகிறார்களே, அந்த எழுத்துகள் திருப்பதிசாரத்தைக் குறிப்பவை. கன்னிப்பூவும் கும்பப்பூவுமாக இரண்டு போகம் பார்க்கும் நாஞ்சில் நாட்டு வயலின் ஈரத்தையும், தடித்த அரிசியை விரும்பும் இவ்வூர் வாயின் ருசியையும் அறிந்து விதை தேர்ந்தது ஒரு பொதுப் பல்கலைக்கழகம். லாபம் பார்த்து முதல் போடும் எந்த நிறுவனம் இத்தனை சிறிய வட்டாரத்துக்காக வருடக்கணக்கில் விதை ஆராயும்?

கடலுக்கு வருவோம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது தூத்தூர் வட்டாரத்துத் தங்கல் படகுகள் ஆழ்கடலில் இருந்தன. எச்சரிக்கை அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. எத்தனை வீடுகள் அழிந்தன என்பதை அந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்கு ராஜாக்கமங்கலத்தில் கடல் அறிவியல் தொழில்நுட்ப மையம் இருக்கிறது. கடலை அறியும் கல்வி கடற்கரையிலேயே வேண்டும் என்ற சரியான எண்ணத்தில் பிறந்தது அது. அதை மேலும் வளர்த்து, மீனவர் பிள்ளைகளை ஆய்வாளர்களாக்கு என்று கேட்பதல்லவா அறிவு? மூடலாம் என்பவருக்கு அந்த மையம் இருக்கும் செய்தியாவது தெரியுமா?

மணலின் கதை இன்னும் கூர்மையானது. 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற கதிரியக்கக் கனிமத்தைக் கண்டார். அன்று முதல் இந்தக் கரை உலகச் சந்தையின் கண்ணில் இருக்கிறது. இப்போது கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 எக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்தை எதிர்த்துக் கரையோர மக்கள் போராடுகிறார்கள். கதிர்வீச்சு எவ்வளவு, கடலரிப்பு எவ்வளவு, நோய்க்கும் மணலுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்விகளுக்கு மக்கள் யாரிடம் பதில் கேட்பது? மணல் எடுக்கும் நிறுவனத்திடமா? அடுத்த நன்கொடைக்காகக் காத்திருக்கும் தனியார் கல்லூரியிடமா? யாருக்கும் கடன்படாமல் அளந்து, அளந்ததை வெளியிடும் கடமை ஒரு பொதுப் பல்கலைக்கழகத்துக்கு மட்டுமே உண்டு. அந்தக் கடமையை அது இன்னும் முழுதாகச் செய்யவில்லை என்று கட்டுரையாளர் எழுதியிருந்தால் நானும் கையெழுத்திட்டிருப்பேன்.

குறை இல்லையா? நிறைய. நிரந்தரப் பணியிடங்கள் காலியாகக் கிடக்கின்றன. கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் சொன்னது. அந்தத் தொகைக்காக இன்றும் போராட வேண்டியிருக்கிறது. பல்கலைக்கழக மசோதாக்களில் ஆளுநருக்கும் அரசுக்கும் நடந்த இழுபறி 2025 ஏப்ரல் 8-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புவரை போனது. பட்டினி போட்டவர்களை விட்டுவிட்டு, மெலிந்தவனைப் பார்த்து நீ எதற்கும் உதவமாட்டாய் என்கிறார் கட்டுரையாளர். கஷ்டகாலத்தில் அரசால் முடியாது என்றும் சொல்கிறார். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்த 1862-இல்தான் உழவுக்கும் தொழிலுக்குமான கல்லூரிகளுக்கு நிலம் ஒதுக்கும் மோரில் சட்டத்தில் லிங்கன் கையெழுத்திட்டார்.

தனியாரிடம் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு முன்னோட்டமும் கிடைத்துவிட்டது. 2025 அக்டோபரில் வந்த தனியார் பல்கலைக்கழகச் சட்டத்திருத்த மசோதா, இருக்கும் கல்லூரிகளே தனியார் பல்கலைக்கழகங்களாக மாற வழி திறந்தது. மூட்டா போன்ற ஆசிரியர் சங்கங்கள் கொதித்தெழுந்தன. மறுஆய்வு செய்வதாக அரசு பின்வாங்கியது. அது நடைமுறைக்கு வந்திருந்தால் பால்வெட்டுகிறவரின் மகள் எந்தக் கட்டணத்தைக் கட்டியிருப்பாள்?

கல்வி யாருக்கு என்ற கேள்வி இந்த மண்ணில் பழையது. ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866-இல் முஞ்சிறை அருகே பார்த்திவசேகரபுரத்தில் கல்விச் சாலை அமைத்தான். நிலம் எழுதிவைத்து உணவும் கல்வியும் தந்த அந்தச் சாலையில் 95 இடங்கள். 95-ம் வேதம் ஓதுவோருக்கு. நிலத்தில் உழைத்தவனின் பிள்ளைக்கு ஓரிடமும் இல்லை. அந்தக் கதவு திறக்க ஆயிரம் ஆண்டு ஆயிற்று. முன்பு பிறப்பைப் பார்த்துச் சாத்தியதை இனிப் பணத்தைப் பார்த்துச் சாத்தலாம் என்பதுதான் கட்டுரையாளரின் யோசனை. எத்தனை புள்ளிவிவரம் அடுக்கினாலும் அதன் சாரம் இவ்வளவே.

குமரி கேட்க வேண்டியது வேறு. காலிப் பணியிடங்களை நிரந்தரமாக நிரப்பு. ராஜாக்கமங்கலம் மையத்துக்குப் போதிய நிதியும் ஆளும் கொடு. மணலும் ரப்பரும் மீனும் வாழையும் குமரியிலேயே ஆராயப்பட வேண்டும். உதவிபெறும் கல்லூரிகளில் கைவைக்காதே. கட்டுரையாளர் இதில் எதற்கு எதிரானவர் என்று பெயர் சொல்லி எழுதட்டும். பால்வெட்டும் வீட்டிலும் மீனவர் வீட்டிலும் போய் அதை வாசித்துக் காட்டட்டும்.