பதினாறாம் வருடக் கிண்ணம்



பாடசாலைப் போட்டிகளில் வென்ற பிள்ளைகளின் படங்களைப் பத்திரிகைகளில் பார்க்கும்போது மனம் நிறைகிறது. ஆனால் படத்தின் ஓரத்தில், கழுத்தில் விசிலோடு நிற்கிற பி.ரி. மாஸ்ரரை நாங்கள் எத்தனை பேர் கவனிக்கிறோம்? அவரை நினைத்துத்தான் இம்முறை ஓர் அமெரிக்கக் கூடைப்பந்துப் பயிற்றுநரைப் பற்றி எழுதுகிறேன்.

ஜோன் வூடன் 1910இல் இந்தியானாவில் பிறந்தவர். பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்தபடியே பந்தும் பழக்கியவர். 1948இல் லொஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 1964 முதல் 1975 வரை 12 பருவங்களில் 10 தேசியப் பட்டங்கள். இடையில் ஒரு தோல்வியும் இல்லாமல் தொடர்ந்து 88 வெற்றிகள். உலகம் பேசுவது இவற்றைத்தான். நான் பேச விரும்புவது அதற்கு முந்திய காலத்தை.

முதல் பட்டம் கிடைத்தது அவர் அங்கு வந்த பதினாறாவது பருவத்தில். அதுவரை நல்லதொரு அரங்கம்கூட அவருக்கு இல்லை. மூன்றாம் மாடியிலிருந்த பழைய உடற்பயிற்சிக் கூடத்தில் மல்யுத்தக்காரருக்கும் ஜிம்னாஸ்டிக் மாணவருக்கும் நடுவேதான் பயிற்சி. தரையில் தூசி படிந்து கால் வழுக்கும். ஒவ்வொரு நாளும் தொடங்குமுன் வூடனும் மாணவ உதவியாளர்களும் தரையைக் கூட்டித் துடைத்துவிட்டுத்தான் பந்தைக் கையில் எடுப்பார்கள். 1965இல் புதிய அரங்கம் திறக்குமுன்னரே இரண்டு பட்டங்கள் வந்துவிட்டன.

பருவத்தின் முதல் நாள் அவர் பழக்கியது என்ன தெரியுமா? காலுறை போடுவது. சின்ன விரலிலும் குதிக்காலிலும் சுருக்கம் விழாமல் தடவி இழுத்துவிட வேண்டும். பிறகு சப்பாத்து நாடாவைத் துளை துளையாக இறுக்கி இரட்டை முடிச்சுப் போட வேண்டும். சுருக்கம் இருந்தால் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தால் பயிற்சி போகும். நாடெங்கும் பெயர் பெற்ற ஆட்டக்காரர்களும் குனிந்திருந்து இதைக் கற்றார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1947இல் அவர் இந்தியானா மாநிலக் கல்லூரியில் இருந்தார். அவருடைய அணிக்குத் தேசியப் போட்டியொன்றில் ஆட அழைப்பு வந்தது. கறுப்பின வீரர்களுக்கு அங்கே இடமில்லை. அணியிலிருந்த கிளாரன்ஸ் வோக்கர் கறுப்பினத்தவர். களத்தில் அதிகம் இறங்காத பதில் வீரர். அவரை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். வூடன் அழைப்பையே மறுத்துவிட்டார். அடுத்த ஆண்டு விதி மாறியது, வோக்கரும் ஆடினார். அந்தப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் அணி தோற்றது. 1968இல் எங்கள் மாவிட்டபுரம் கோயில் வாசலில் சாதியின் பெயரால் மக்கள் உள்ளே விடப்படாமல் தடுக்கப்பட்டதை அறிந்தவர்களுக்கு, அந்த மறுப்பின் பெறுமதியை நான் விளக்கத் தேவையில்லை.

வூடனைப் போல வசதியில்லாமல் பழக்கியவர்கள் எங்களிடமும் உண்டு. 1990இல் போரால் வலிகாமம் வடக்கு இடம்பெயர்ந்தபோது பாடசாலைகளும் மைதானங்களை விட்டுவிட்டுப் போயின. இரவல் இடங்களில், கிடைத்த நிலத்தில் பிள்ளைகளை ஓடவும் பாயவும் வைத்தவர்கள் எங்கள் ஆசிரியர்கள். பின்னாளில் தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் இலங்கைச் சாதனை படைத்தபோது ஊரே மகிழ்ந்தது. அப்படி ஒரு பிள்ளை உருவாக எத்தனை வருடம் பிடிக்கும் என்பது பழக்கியவருக்குத்தான் தெரியும். முதல் வருடமே கிண்ணம் எங்கே என்று கேட்கும் பெற்றோரிடமும் பழைய மாணவர் சங்கங்களிடமும் உரிமையோடு கேட்கிறேன்: பயிற்றுநர்களுக்குக் காலம் கொடுங்கள். இரண்டு வருடத்தில் ஆளை மாற்றச் சொல்லி மனுக் கொடுக்காதீர்கள்.

அடுத்த இதழில் எங்கள் பகுதிப் பயிற்றுநர்களுக்கென்று சில பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம். உங்களைப் பழக்கியவரைப் பற்றி ஒரு பக்கத்துக்குள் எழுதி அனுப்புங்கள். அவர் எந்த விளையாட்டைப் பழக்கினார், எந்த மைதானத்தில், முதல் நாள் என்ன சொல்லித் தந்தார் என்பவை கட்டாயம் வேண்டும். பழைய படம் இருந்தால் சேர்த்து அனுப்புங்கள், பிரதி எடுத்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருவோம்.

அன்புடன்,
ஆசிரியர்
கீரிமலை