ஊசியோடு திருப்புளியும் வேண்டும்



1977-இல் வெளிவந்த 'அவர்கள்' திரைப்படத்தில் கமல்ஹாசனோடு பேசிய 'ஜூனியர்' பொம்மையை வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குரல் மனிதருடையது, ஆயினும் நம்மை நம்பவைப்பது பொம்மையின் தலைக்குள் ஒளிந்திருக்கும் பொறியே. கழுத்துக் கோலிலுள்ள நெம்புகோலை விரலால் இழுத்தால் நூல் தாடையைத் திறக்கும். விட்டால் சுருள்வில் மூடும். மும்பையின் புகழ்பெற்ற பொம்மைக் கலைஞர் ராம்தாஸ் பாத்யே இயந்திரப் பொறியியல் பயின்றவர் என்பதில் வியப்பில்லை.

சென்ற ஆண்டு விழாவுக்கு நாங்களும் காகிதக் கூழில் ஒரு பொம்மை செய்தோம். ஒத்திகையன்று அது வாய் திறக்கவில்லை! கொடைக்கானல் மூடுபனியில் தாடை ஊறி உப்பிக் கன்னத்தோடு இறுகிவிட்டது. அதற்குச் சட்டை தைக்கத் தெரிந்த எங்களுக்குத் தாடையைக் கழற்றத் தெரியவில்லை. தோழியின் அண்ணன் வந்து, உப்புத்தாளால் தேய்த்து, நூலிழை இடைவெளி விட்டு, வார்னிஷ் பூசித் தந்தார். அருகிலிருந்து கற்றுக்கொண்டோம். மறுமுறை இறுகியபோது நாங்களே சரிசெய்தோம்.

தையல் பெண்ணுக்கு, திருப்புளி ஆணுக்கு என்று பிரித்தவர் யார்? நம் கைவேலை வகுப்பில் ஊசியோடு அரமும் திருப்புளியும் இடம்பெற வேண்டும். விரலில் காயம்படுமே என்று அன்னையர் அஞ்சலாம். அம்மா, ஊசியும் குத்தத்தானே செய்கிறது!

– பத்தாம் வகுப்பு மாணவி