பெட்டிக்குள் போகும் மாத்திரைக் கவர்

அயலகத் தமிழர் நலத் துறை ஆணையர் அவர்களுக்கு,



துபாய்க்குப் பெட்டி கட்டும் வீடுகளில் கசகசாவை மறக்காமல் எடுத்து வெளியே வைத்துவிடுகிறார்கள். குருமாவுக்கு அரைக்கிற அந்தப் பொருளுக்கு அமீரகத்திலும் சவுதியிலும் தடை என்பது கடைக்கோடிக் கிராமம் வரை தெரிந்திருக்கிறது. அதே பெட்டியில் ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் நடுவே செருகும் மாத்திரைக் கவரைப் பற்றித்தான் யாரும் யோசிப்பதில்லை.

சர்க்கரையால் வரும் பாத எரிச்சலுக்கு இங்கே சர்வசாதாரணமாக எழுதித்தரும் ப்ரீகாபலின், அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. முதுகுவலிக்கான டிரமடால், தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரும் அல்பிரசோலம், குளோனசிபாம், சில இருமல் மருந்துகளில் உள்ள கோடீன் எல்லாம் அந்த வரிசைதான். டிரமடாலை 2018இல் இந்தியாவே போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. ஆனால், சாப்பிடுகிறவருக்கு அது இன்றும் வெறும் வலி மாத்திரை.

கொண்டுபோகவே கூடாது என்றில்லை. மருந்துச்சீட்டையும் மருத்துவ அறிக்கையையும் அமீரக அரசுக்கு இணையத்தில் அனுப்பி, கிளம்புவதற்கு முன்பே அனுமதி வாங்கலாம். சவுதிக்கும் சிங்கப்பூருக்கும் இதுபோன்ற முன் அனுமதி முறை உண்டு.

அனுப்ப நம்மவர் கையில் என்ன சீட்டு இருக்கிறது? அரசு மருத்துவமனை ஓ.பி. சீட்டில் 'முத்து' என்றிருக்கும். பாஸ்போர்ட்டில் முத்துக்குமரன் என்றிருக்கும். தனியார் மெடிக்கலில் ஆறு மாத்திரை கேட்டால் அட்டையைக் கத்தரித்துக் கொடுப்பார்கள். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் கடையிலேயே தங்கிவிடும். பெயரில்லாத அந்தத் துண்டு அட்டையை வைத்து எந்தச் சுங்க அதிகாரிக்கு எதை விளக்குவது? மருந்தின் மூலப்பெயரைத் தெளிவாக, முடிந்தவரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016இலேயே விதி செய்தது. அப்படி எழுதிய சீட்டை யாராவது பார்த்திருந்தால் எனக்கும் காட்டலாம்.

எனவே சுகாதாரத் துறையோடு பேசி, வெளிநாடு செல்கிறவர்களுக்கு அரசு மருத்துவமனைகளில் கட்டணமில்லாமல் ஒரு பக்கச் சான்று கிடைக்க வழி செய்யுங்கள். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, பாஸ்போர்ட்டில் உள்ள பெயர், நோய், மருந்தின் மூலப்பெயர், அளவு, எத்தனை நாளைக்கு, மருத்துவரின் பதிவு எண், முத்திரை, இவ்வளவும் இருந்தால் போதும். மருந்தை வெட்டாத முழு அட்டையாகக் கொடுக்கவும் சொல்லுங்கள்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு நடத்தும் முன்பயணப் புத்தாக்கப் பயிற்சியில் இதற்கென்று அரைமணி நேரம் ஒதுக்கலாம். 'தடை செய்யப்பட்ட மருந்துகளைத் தவிர்க்கவும்' என்ற ஒரு வரி யாருக்கும் பயன்படாது. அவரவர் சாப்பிடும் மாத்திரையைக் கொண்டுவரச் சொல்லி, அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும் மூலப்பெயரைப் படித்துக் காட்ட வேண்டும். இன்சுலினைக் கைப்பையில் வைக்க வேண்டும், சரக்கறையில் போட்டால் உறைந்து கெட்டுவிடக்கூடும் என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம். பயிற்சியைச் சீக்கிரமே நடத்துவது முக்கியம். ஏஜென்ட் கடைசி நேரத்தில் டிக்கெட்டைக் கொடுத்த பிறகு எந்த நாட்டு அனுமதிக்கும் விண்ணப்பிக்க நேரமிருக்காது.

இன்னொன்று, ஊர்க்காரருக்கு என்று கொடுத்துவிடும் மருந்துப் பொட்டலம். அடுத்தவர் மருந்து சொந்த உபயோகம் என்ற கணக்கில் வராது. மாட்டினால் பதில் சொல்ல வேண்டியவர் சுமந்து போனவர்தான். இது தெரிந்தவர்கூட மறுக்கத் தயங்குகிறார். 'இதைக்கூடச் செய்யமாட்டானா' என்ற பேச்சு அவருடைய அம்மாவின் காதில் விழும். அயலார் மருந்தை வாங்கிச் செல்லக் கூடாது என்று உங்கள் துறையின் பெயரில் தமிழில் அச்சடித்த ஒரு தாளைப் பயிற்சி முடிந்து போகும்போது கையில் கொடுங்கள். பொட்டலத்தோடு வருகிறவரிடம் அதை எடுத்து நீட்டி, 'நான் என்ன செய்ய, கவர்மென்ட் விடமாட்டேங்குதே' என்று பழியை உங்கள்மேல் போட்டுவிட்டு அவர் தப்பித்துக்கொள்ளட்டும்.

அன்புடன்,
ஒரு வாசகர்