எலிக்காய்ச்சல் இல்லை என்று வந்த பிறகு

வேலூர் தோட்டப்பாளையத்தில் 1964இல் ஒரு மூஞ்சூறு பிடிபட்டது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஆய்வுக்காக நடந்த பிடிப்பு அது. அதன் உடலிலிருந்து பிரித்தெடுத்த வைரஸைப் பற்றி 1971இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் கட்டுரை வந்தது. கணுக்காலிகள் வழியே பரவுவதாக இருக்கலாம் என்ற ஊகத்தோடு அதைப் பதிவு செய்தார்கள். அன்று இருந்த கருவிகளைக் கொண்டு அதற்கு மேல் சொல்ல வழியில்லை.

கொரியப் போரில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஐ.நா. படைவீரர்களை நோயில் வீழ்த்திய இரத்தக்கசிவுக் காய்ச்சலின் காரணியைக் கொரிய ஆய்வாளர் ஹோ வாங் லீ 1976இல் வயலெலியின் நுரையீரலில் கண்டார். ஹந்தான் ஆற்றின் பெயரால் அந்தக் குடும்பம் முழுவதும் ஹந்தா வைரஸ் ஆனது. தோட்டப்பாளையம் வைரஸும் அதே குடும்பம் என்பது 1980களின் இறுதியில்தான் தெளிந்தது. குடும்பத்தில் முதலில் பிரித்தெடுக்கப்பட்டது தமிழ்நாட்டு வைரஸ். 1971 கட்டுரையை எழுதியவர்களில் ஒருவரான ரேச்சல் ரூபன் பின்னாளில் மதுரை மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். அம்மையத்தின் கவனம் நெல்வயல் கொசுக்கள் மீது குவிந்திருந்தது. மூளைக்காய்ச்சல் குழந்தைகளைக் கொன்றுகொண்டிருந்த காலத்தில் அதுவே சரி. ஆனால் அதே வரப்பில் வளை தோண்டி வாழும் எலிகளின் வைரஸ்களைத் தேடும் வேலை மதுரையில் இன்னும் தொடர்பணியாக வேரூன்றவில்லை என்பது நம் கருத்து.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். மூஞ்சூறு எலி இனமே அல்ல. பூச்சி தின்னும் வேறொரு வரிசையைச் சேர்ந்தது (பிள்ளையாரின் வாகனத்தை எலி என்று சொல்லிப் பழகிய நமக்கு இது கொஞ்சம் சங்கடம்தான்). தோட்டப்பாளையம் வைரஸ் மனிதருக்கு நோய் தருகிறது என்பதும் நிறுவப்படவில்லை. நோய் தருவதாக உறுதியானவை எலிகள் சுமக்கும் ஹந்தான், சியோல், பூமாலா போன்றவை. வணிக எலைசா கருவிகளும் பெரும்பாலும் இவற்றின் ஆன்டிஜென்களை வைத்துத்தான் தயாராகின்றன. மரபணுவில் வெகுதூரம் விலகிய மூஞ்சூறு வைரஸ் அந்தச் சோதனையில் பிடிபடும் என்று நம்பக்கூடாது.

எனினும் தமிழ்நாட்டுச் சான்றுகள் இத்தோடு முடியவில்லை. வேலூர் சிஎம்சியில் சாரா சாண்டியும் சக ஆய்வாளர்களும் 2000களில் நடத்திய ஆய்வுகளில், காய்ச்சல் நோயாளிகளிடமும், எலி பிடிக்கும் இருளர்களிடமும், தானியக் கிடங்குத் தொழிலாளர்களிடமும் ஹந்தா எதிர்ப்பொருள் தென்பட்டது. இலங்கையிலோ 1988இலேயே, எலிக்காய்ச்சல் என்று சந்தேகிக்கப்பட்டவர்களிடையே ஹந்தா தொற்று இருந்ததை லான்செட் இதழ் வெளியிட்டது. எதிர்ப்பொருள் இருப்பதாலேயே நோய் என்று ஆகிவிடாது. வைரஸ் வரிசைமுறை கையில் இல்லாமல் எந்த ஹந்தா என்று சொல்லவும் முடியாது. ஆனாலும் வேலூரில் இருப்பது மதுரை மேலூரில் இருக்காது என்று நினைக்க ஒரு காரணமும் தோன்றவில்லை.

எலியால் வரும் நோயை எதிர்பாராத இடத்தில் கண்டுபிடித்த ஊர் மதுரை. 1993 இறுதியில் பெருமழையும் வெள்ளமும் வந்தன. 1994இல் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு யூவியைட்டிஸோடு அடுத்தடுத்து நோயாளிகள் வந்தார்கள். அங்கிருந்த மருத்துவர் ரத்தினமும் சகாக்களும் 73 நோயாளிகளை ஆராய்ந்து, எலிக்காய்ச்சலைத் தரும் லெப்டோஸ்பைரா கிருமியே காரணம் என்று 1997இல் எழுதினார்கள். மதுரைச் சுற்றுவட்டாரத்தில் வயலெலிகளே அக்கிருமியின் முக்கிய மூலம் என்று 2007இல் இன்னொரு கட்டுரை வந்தது. கண் மருத்துவர்கள் எலிவரை போனார்கள். காய்ச்சல் வார்டில் இருக்கும் நாமோ, லெப்டோ ஐஜிஎம் எதிர்மறை என்றதும் எலியையே கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறோம்.

நமக்குப் பழக்கமான நோயாளியையே எடுத்துக்கொள்வோம். அறுவடை முடிந்து வந்தவர் அல்லது கீழமாசி வீதியில் மூட்டை தூக்குபவர். ஐந்து நாள் காய்ச்சல், முதுகுவலி, தட்டணுக்கள் குறைவு, சிறுநீரில் புரதம், ஏறும் கிரியேட்டினின். டெங்கு இல்லை, ஸ்க்ரப் டைஃபஸ் இல்லை, லெப்டோ இல்லை. வைரல் காய்ச்சல் என்று எழுதி அனுப்புகிறோம். ஹந்தா என்று தெரிந்தால் மட்டும் என்ன செய்துவிட முடியும் என்பது நியாயமான கேள்வி. உறுதியான மருந்து இல்லை. ரிபாவிரின் பயன் குறித்து ஒருமித்த கருத்து இல்லை. கொரியத் தடுப்பூசி இங்கே வரவில்லை. ஆனால் இந்நோயில் நுண்குழாய்கள் கசிகின்றன, பிறகு சிறுநீர் குறைகிறது. குறைந்த ரத்த அழுத்தத்தைப் பார்த்துத் தாராளமாக ஏற்றிய திரவம், சிறுநீர் நின்ற கட்டத்தில் நுரையீரலில் தேங்கும். திரவக் கணக்கை இறுக்கிப் பிடிப்பதும், டயாலிசிஸை நேரத்தோடு தொடங்குவதும் உயிர் காக்கும். தப்பியவர்களில் பெரும்பாலோருக்குச் சிறுநீரகம் தேறிவிடும். குடும்பத்துக்கும் அதைச் சொல்லலாம்.

ஆகவே நாம் கேட்பது பெரிய திட்டம் அல்ல. மேற்சொன்ன நோயாளிகளிடம் தொழிலைக் கேட்டு எழுதுங்கள்: கதிரறுப்பு, கிடங்கு, கொள்முதல் நிலையம், எலிப்பிடிப்பு. சேர்க்கையின்போது ஒரு சீரமும், இரண்டு மூன்று வாரம் கழித்து ஒன்றும் எடுத்து உறைநிலையில் வையுங்கள். எதிர்ப்பொருள் அளவு நான்கு மடங்கு ஏறினால்தான் பேச்சுக்கு வலு வரும். ஒற்றைச் சீரத்தை நம்பிக் கட்டுரை எழுத வேண்டாம். விலங்கு பக்கத்தில், மதுரையில் பூச்சியியலாளர்களுக்கும் கால்நடை மருத்துவர்களுக்கும் பஞ்சமில்லை. ஸ்க்ரப் டைஃபஸுக்கான ஒட்டுண்ணி சேகரிக்க எலி பிடிப்பவர்கள், அதே எலியின் நுரையீரலிலும் ஒரு துண்டு எடுத்து வைத்தால் தனிச் செலவு அதிகமில்லை. ஆனால் பொறியைக் கையாள்பவருக்கு உரிய முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் அந்த வேலை தொடங்கக் கூடாது. எலி நோயின்றியே வைரஸைச் சுமந்து, சிறுநீரிலும் எச்சிலிலும் புழுக்கையிலும் வெளியேற்றும். காய்ந்த தூசியை மூச்சில் இழுப்பதே மனிதருக்கு வழி. கிடங்குத் தொழிலாளிக்கும் இதே அறிவுரைதான்: காய்ந்த தரையைப் பெருக்காமல், ப்ளீச்சிங் கரைசல் தெளித்து ஊறவிட்டுத் துடைக்கச் சொல்லுங்கள்.

அடுத்த அறுவடைக் காலத்தில் உங்கள் வார்டில் சேர்த்த இரட்டைச் சீரங்களின் முடிவுகளை எங்களுக்கு எழுதுங்கள். எல்லாமே எதிர்மறையாக வந்திருந்தாலும் எழுதுங்கள். அதை வெளியிடவும் இவ்விதழில் இடம் உண்டு.