செஞ்சிக்கு யுனெஸ்கோ அந்தஸ்து சரி... சுத்தியிருக்கிற ஊர்களுக்கு?

ராஜகிரி அப்படியொன்றும் பெரிய மலை இல்லை. உயரம் சுமார் 800 அடிதான். ஆனால் 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்த 12 மராத்தியக் கோட்டைகளில், மகாராஷ்டிராவுக்கு வெளியே இருப்பது செஞ்சி மட்டுமே. நல்ல விஷயம்தான், கொண்டாடலாம்.

ஆனா ஒரு சிக்கல் இருக்கு. 1677-ல் சிவாஜி இதைப் பிடித்தார். அவர் மகன் ராஜாராம் இங்கே அடைக்கலமாகி, பல வருஷ முற்றுகைக்குப் பிறகு 1698-ல் கோட்டை மொகலாயர் கைக்குப் போனது. மொத்தமே 21 வருஷம். 1714-ல் ஆற்காடு நவாப் படையோடு மோதி இறந்த தேசிங்கு ராஜன் கதையைத்தான் இன்றைக்கும் ஊர் சொல்கிறது. அதற்குப் பிறகு பிரெஞ்சு, ஆங்கிலேயர் என்று கை மாறியது தனிக்கதை.

அதை விடுங்க. கோட்டையைத் தாண்டி யார் போறாங்க? மேலே ஏறி, ரீல்ஸ் எடுத்து, பிரியாணி சாப்பிட்டுட்டு கிளம்பிடுறோம்.

செஞ்சி டவுனுக்குச் சில கிலோமீட்டர் தள்ளி திருநாதர்குன்றம். ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர் உருவங்கள். சந்திரநந்தி என்ற சமணத் துறவி 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டதைச் சொல்லும் கல்வெட்டும் அங்கேதான். 'ஐ' என்ற எழுத்து முதன்முதலில் தென்படுவது இதில்தான் என்பது கல்வெட்டு அறிஞர்கள் கருத்து. நாம தினமும் டைப் பண்ற எழுத்துங்க அது! திண்டிவனம் பக்கம் போனால் மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணர்களின் மடம் இன்றும் இயங்கும் ஊர். மண்டகப்பட்டில், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமில்லாமல் கோயில் எடுத்தேன் என்று மகேந்திரவர்மன் பெருமையாகப் பொறித்து வைத்த குகை. பனைமலையில் பல்லவர் கால ஓவியம் ஒன்று; மிஞ்சியிருப்பதே கொஞ்சம்தான்.

யுனெஸ்கோ கொடுத்த தலைப்பிலேயே 'ராணுவ நிலப்பரப்பு' என்று இருக்கு. நிலப்பரப்புன்னா மதில் சுவரோடு முடிஞ்சிடுமா? விளம்பரம், சாலை, வழிகாட்டி எல்லாம் கோட்டைக்கு மட்டும் என்றால், பனைமலை மாதிரி இடங்களை யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. பார்க்க ஆளே வராத இடத்தில் பாறையில் பெயர் கிறுக்கினாலும் கேட்க நாதி இருக்காது.

பெரிய திட்டமெல்லாம் வேண்டாம். ராஜகிரி டிக்கெட் கவுன்ட்டர் பக்கத்தில் இந்த ஊர்களைக் குறித்து தமிழில் ஒரு மேப். சனி, ஞாயிறு மட்டும் செஞ்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து சுற்றி வர ஒரு மினி பஸ். முதல் ஸ்டாப் திருநாதர்குன்றம்.