ஒன்றைத் தாண்டட்டும் பின்னம்

அரை, கால், முக்கால் வரை பிள்ளைகள் உற்சாகமாக வருவார்கள். கரும்பலகையில் 5/4 என்று எழுதியதும் நான்காம் வகுப்பு மௌனமாகிவிடும். "நாலா வெட்டினதுல அஞ்சு எப்படி டீச்சர் எடுக்கிறது?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். நியாயமான கேள்வி. பின்னம் என்றால் முழுதில் ஒரு பங்கு என்று அதுவரை சொல்லிக்கொடுத்தது நாம்தானே? பங்கு எப்படி முழுதைவிடப் பெரிதாகும்?

இதற்குப் பதில் சொல்லாமலே நம்மில் பலர் சூத்திரத்துக்குத் தாவிவிடுகிறோம். முழு எண்ணைப் பகுதியால் பெருக்கு, தொகுதியைக் கூட்டு, தகா பின்னம் வந்துவிடும். பிள்ளைகளும் 2¾ஐ 11/4 ஆக்கிக் காட்டுவார்கள். அந்த 11 எது என்று கேட்டுப் பாருங்கள், விழிப்பார்கள். பதினொரு கால்கள் என்று தெரியாத பிள்ளை, பத்து நாள் கழித்து எதை எதோடு பெருக்குவது என்று குழம்பி, 2×3+4 என்று போட்டு 10/4 என எழுதும்.

படம் வரைந்தால் போதும் என்பார்கள். போதாது. இரண்டு வட்டங்கள், ஒவ்வொன்றிலும் நான்கு துண்டுகள், ஐந்து துண்டுகளுக்கு வண்ணம். இது எவ்வளவு என்றால் 5/8 என்று பல குரல்கள் வரும். அவர்கள் எண்ணியதில் பிழையில்லை. இரண்டு வட்டமும் சேர்ந்து 'ஒன்று' என்றால் 5/8 சரியான விடைதான். ஒரு வட்டம்தான் 'ஒன்று' என்றால் 5/4. அதைச் சொல்ல வேண்டியது ஆசிரியர். ஒவ்வொரு வட்டத்தின் கீழும் 1 என்று எழுதிவிட்டுத்தான் நான் வண்ணம் தீட்டத் தொடங்குவேன்.

அதற்கும் முன்னால் எண்ண வைப்பேன். ஒரே நீளமுள்ள காகிதப் பட்டைகளைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் நான்காக மடிக்கச் சொல்வேன். தரையில் நீளமாக ஒரு சாக்பீஸ் கோடு. பட்டையைக் கோட்டின்மேல் வைத்து, மடிப்புக்கு மடிப்பு குறி போட வேண்டும். ஒரு கால், ரெண்டு கால், மூணு கால், நாலு கால் என்று வகுப்பே சத்தமாக எண்ணும். அங்கே நிறுத்தக் கூடாது. அடுத்த பட்டையை எடுத்து வைத்து அஞ்சு கால், ஆறு கால், ஏழு கால் என்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். பிறகு அதே கோட்டுக்குக் கீழே 0, 1, 2, 3 என்று முழு எண்களைக் குறிக்கச் சொன்னால், அஞ்சு கால் நிற்கும் இடம் ஒன்றேகால் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். "ரெண்டு முழுசுக்கு எட்டு கால், மேல மூணு, மொத்தம் பதினொண்ணு" என்று 2¾ஐப் பற்றி ஒரு சிறுமி சொன்னால் சூத்திரம் அவளுடையது. இனி அதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

வகுத்தலையும் இதோடு சேர்த்துவிடலாம். அரை லிட்டர் பால் பாக்கெட் ஏழு வாங்கினால் மூன்றரை லிட்டர் என்பது கடைக்குப் போய்வரும் பிள்ளைக்குத் தெரியும். 7ஐ 2ஆல் வகுத்தால் ஈவு 3, மீதி 1. அந்த மீதி ஒரு லிட்டரா, ஒரு பாக்கெட்டா? இந்த ஒரு கேள்வியை விவாதிக்க விட்டால், மீதி ஏன் ½ ஆகிறது என்பது விளங்கிவிடும்.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். 2022இல் தமிழ்நாடு அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபின், தொடக்க வகுப்புகளில் பொருள்களை வைத்துச் சொல்லிக்கொடுப்பது புதிதல்ல. பின்னத்துக்கும் இரண்டு பாடவேளை கூடுதலாகக் கொடுத்தால் என்ன? மேல்வகுப்பில் மறுபடி முதலிலிருந்து நடத்தும் நேரம் மிச்சமாகுமே.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது விடைத்தாள். விடை 7/4 என்று எழுதி, அதைக் கலப்பு பின்னமாக மாற்றாத பிள்ளைக்கு மதிப்பெண் குறைக்கிறார்கள். துணி அளக்க 1¾ வசதி, பெருக்க 7/4 வசதி. 1¾ஐ 2/5ஆல் பெருக்கச் சொன்னால் முதலில் 7/4க்குத்தானே திரும்பி வருகிறோம்? கேள்வித்தாள் தயாரிப்பவர்களுக்கும் திருத்துபவர்களுக்கும் என் வேண்டுகோள்: கலப்பு பின்னமாக எழுதச் சொல்லிக் கேட்காத கேள்விக்கு 7/4 என்று எழுதிய பிள்ளைக்கு முழு மதிப்பெண் போடுங்கள்.