ஏஐ கட்டுரை எழுதித் தரும்... பி.எட். மாணவர்கள் எதைச் சொல்லித் தரணும்?

பெரம்பலூர், அரியலூர் பி.எட். கல்லூரிகளில் ஆங்கிலம் எடுத்துப் படிப்பவர்கள், இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளிக்குப் பயிற்சிக்குப் போகணும். பாடக்குறிப்பு எழுத சாட்ஜிபிடி இவர்களுக்கு ஓகே. அதையே மாணவர்கள் கட்டுரைக்குப் பயன்படுத்தினால்? ‘பசங்க யோசிக்கவே மாட்டாங்க’ என்ற பயம் வருகிறது.

பயம் நியாயம்தான். ஆனால் பாராகிராஃபை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிற பழக்கம் ஏஐ கொண்டு வந்ததல்ல. அப்போ கைடு, இப்போ போன். அவ்வளவுதான்.

சரி, ஏஐ எழுதியதைக் கருவி வைத்துக் கண்டுபிடிக்கலாமா? அங்கேதான் சிக்கல். 2023-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் எழுதிய 91 டோஃபல் கட்டுரைகளை 7 கருவிகளில் சோதித்தார்கள். சராசரியாக 61 சதவீதக் கட்டுரைகளை ‘ஏஐ எழுதியது’ என்று அவை தவறாகக் காட்டின. காரணம், எளிய சொற்கள். அப்படிப் பார்த்தால் செந்துறையிலோ வேப்பந்தட்டையிலோ சொந்தமாக, எளிமையாக எழுதுகிற பிள்ளைதான் முதலில் மாட்டும். ஓபன்ஏஐ நிறுவனமே தன் கருவியைத் துல்லியம் போதாது என்று அதே ஆண்டு ஜூலையில் நிறுத்திவிட்டது.

அப்போ என்ன வழி? முதல் வரைவு வகுப்பிலேயே, நோட்டில். பிறகு ஏஐ எழுதிய பாராவை போர்டில் போட்டு, ‘இதில் நம்ம ஊர் எங்கே இருக்கு?’ என்று பிள்ளைகளையே திருத்தச் சொல்லலாம். வகுப்பறையில் மாணவர்கள் நேரடியாக ஏஐ பயன்படுத்த 13 வயதாவது ஆகணும் என்கிறது யுனெஸ்கோவின் 2023 வழிகாட்டி. எனவே 6, 7-ம் வகுப்புகளில் அது ஆசிரியர் கையில் மட்டும் இருக்கட்டும்.

பயிற்சி மதிப்பெண்ணும் மாறணும். அழகான பாடக்குறிப்பை ஏஐ தந்துவிடும். ஒரு மாணவரின் முதல் வரைவையும் திருத்திய வரைவையும் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஆசிரியர் என்ன செய்தார் என்பது அந்த இடைவெளியில்தான் தெரியும்.